நாலாவது நிரை, ஏழாவது குழி

வரிசை வரிசையாகச் செடி நட்ட ஒரு மலைச்சரிவைக் காட்டி "நாலாவது நிரை" என்று ஒருவர் சொன்னால், நீங்கள் எங்கிருந்து எண்ணத் தொடங்குவீர்கள்? கீழே பாதையில் நின்று மேல்நோக்கி எண்ணுவீர்களா, உச்சியில் நின்று கீழ்நோக்கி எண்ணுவீர்களா?

அற்பமான கேள்வி என்று தோன்றலாம். பத்து வயதில் எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. இப்போது குழந்தைக்குச் சோறு பிசையும்போதும் துணி உலர்த்தும்போதும் மனம் அதையே எண்ணிக்கொண்டிருக்கிறது. கீழிருந்து நாலு, மேலிருந்து நாலு. இன்றுவரை விடை தெரியவில்லை.

சகோதரிகளே, குழந்தைக்கு மாந்தம் வந்தால் என்ன கொடுப்பது, மாமியாரிடம் எதை எப்படிச் சொல்வது என்று இந்தப் பத்திரிகையில் நீங்கள் ஒருவருக்கொருவர் எழுதும் யோசனைகளைப் படித்து நான் எத்தனையோ நன்மை அடைந்திருக்கிறேன். நான் கேட்கப்போவது அந்த வகையில் சேருமா என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் எனக்கே நிச்சயமில்லை. அங்கெல்லாம் நிச்சயமில்லை என்றே எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கடைசி அறை எங்கள் வீடு, அதற்கு முந்தின அறை பள்ளிக்கூடம். நடுச்சுவரில் ஒரு பெரிய வெடிப்பு இருந்தது. அப்பா வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் அம்மாவின் குழம்புக்கும் அது கேட்கும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகச் சொல்வாள்.

அது அரிசி வராமல் போன வருஷம். கப்பல் வரவில்லை என்றார்கள், வந்த கப்பலில் அரிசி இல்லை என்றார்கள். தோட்டத்தில் அளந்து கொடுத்த அரிசி வார நடுவிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் குரக்கன், அதாவது கேழ்வரகுக் கூழ்தான். அந்தக் கூழ் ஆறும்போது மேலே படியும் ஆடையின் கருஞ்சிவப்பு நிறமும், விழுங்கும்போது தொண்டையில் தட்டும் கரகரப்பும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. என் மகன் சோற்றைத் தட்டில் மிச்சம் வைத்தால் எனக்குக் கோபம் வருவதற்கு அதுதான் காரணமோ என்னவோ.

லயத்துக்குப் பின்னால் ஒரு சரிவு வெறுமனே கிடந்தது. அதைக் கோப்பிக்காடு என்பார்கள். தேயிலை வருவதற்கு முன் இந்த மலைகள் எல்லாமே கோப்பி, அதாவது காப்பித் தோட்டம்தான். இலையில் நோய் விழுந்து கோப்பி செத்துப்போனபோது மற்ற மலைகளில் தேயிலை வைத்தார்கள். இந்தச் சரிவில் மட்டும் மேல்மண் மழையில் கழுவிக்கொண்டு போய்க் கல்லும் சரளையும் தெரிந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள். மானாப்புல்லும் நாயுண்ணிச் செடியும் மண்டிக் கிடந்தன. புல்லை விலக்கினால் பழைய கோப்பி அடிக்கட்டைகள் வரிசை வரிசையாக, கறுத்து, இரும்பு போலத் தெரியும். சரிவின் ஓர் ஓரத்தில் பெரிய பாறை, உச்சியில் ஒரு கான், அடியில் ஒரு கான். மழைத் தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்கால்களைத்தான் நாங்கள் கான் என்போம். இந்த இரண்டு கான்களையும் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள்.

ஒரு நாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார்.

"தொரை சொல்லிட்டாரு. கோப்பிக்காட்ட ஒங்களுக்கே குடுத்தாச்சு. வெட்டுங்க, நடுங்க, வெளஞ்சதத் தின்னுங்க. இனிமே அரிசி அரிசின்னு ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கக் கூடாது."

யாரும் அசையவில்லை. பசித்த ஜனங்களுக்கு நிலம் கொடுத்தால் ஓடிவந்து பிடித்துக்கொள்வார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"மொத வெட்ட நீங்களே வெட்டுங்க கங்காணியய்யா. எங்க பெரியப்பா மண்டையில படாமப் பாத்து வெட்டுங்க."

"ஒங்க பெரியப்பா மண்ட மம்பட்டியவிடக் கெட்டியாச்சே, அதுக்கு என்ன ஆவப்போவுது?" என்றார் கங்காணி. எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் ஒருவரும் மண்வெட்டியைத் தொடவில்லை.

காரணம் இதுதான். கோப்பிக் காலத்தில் காய்ச்சலும் பேதியும் வந்து ஆட்கள் வேலைக்காட்டிலேயே விழுந்து செத்திருக்கிறார்கள். தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்ய ஆளும் இல்லை, நேரமும் இல்லை. செடிகளுக்கு நடுவிலேயே புதைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனார்கள். கல் இல்லை, மேடு இல்லை. எத்தனையாவது நிரை, அதில் செடி நட்ட எத்தனையாவது குழி என்பதுதான் அடையாளம்.

பேய்க்குப் பயப்படுகிறார்கள் என்று துரை சிரித்தாராம். அப்பாவும் வீட்டில் அதையே சொன்னார். "படிப்பில்லாத குறை." நானும் அப்படித்தான் நம்பினேன். இப்போது நினைத்தால் அங்கே யார் முகத்திலும் பயத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை. படுத்திருப்பவரைத் தாண்டிப் போகக் கூடாது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அந்த மரியாதைதான் அது என்று தோன்றுகிறது. அப்பாவிடம் இதைச் சொல்ல அவர் இப்போது இல்லை.

வழி சொன்னவர் கவ்வாத்து மாமா. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவதில், அதாவது கத்தியால் கிளை நறுக்கி விடுவதில், அவருக்கு ஈடு அந்தத் தோட்டத்திலேயே கிடையாது. என் அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அவரைத் தம்பி என்று கூப்பிட்டுப் பழகியதால் எனக்கு அவர் மாமா. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளுமாக எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து முந்தின வருஷம்தான் வந்திருந்தார். ஏன் வந்தார் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

"தெரிஞ்சவங்க தெரிஞ்சதச் சொல்லுங்க" என்றார் அவர். "ஆளு கெடக்கற எடத்துல ஒரு முள்முருங்கக் கம்ப நட்டுருவோம். மிச்ச எடத்த வெட்டுவோம். அவங்களுக்கும் நெழலு, நமக்கும் சோறு."

முள்முருங்கைக் கம்பை வெட்டிச் செருகினாலே வேர் விடும். தேயிலைக்கு நிழலுக்கும் உரத்துக்கும் அதைத்தான் வளர்த்தார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போது மருத்துவச்சி எழுந்தாள். லயத்தில் பாதிப் பிள்ளைகளை மண்ணில் விழாமல் பிடித்தவள். என்னையும் அவள்தான் பிடித்தாளாம்.

"வெறும் பேரச் சொன்னாப் பத்தாது. ஆளு எப்படி இருந்துச்சு, என்ன பேசுச்சு, எதுக்குச் சிரிச்சுச்சுன்னு சொல்லணும். கத சொல்லாத வாய்க்குக் கம்பு கெடயாது."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. மூன்றா, நாலா, சரியாக நினைவில்லை. எல்லாரும் கோப்பிக்காட்டின் அடியில் புல்லை மிதித்து உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் எழுந்து தன் ஆளின் கதையைச் சொல்வார். அதை நான் எழுதவேண்டும். எழுதத் தெரிந்த பெண் பிள்ளை நான் ஒருத்திதான். அப்பா ஒரு பழைய வருகைப் பதிவேட்டைக் கொடுத்தார். முன்பக்கங்களில் பள்ளிக்கு வந்த பிள்ளைகள், பின்பக்கத்திலிருந்து செத்தவர்கள். அந்தப் பதிவேட்டின் அட்டை பச்சைத் துணியால் ஆனது. முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாசனை வரும்.

எத்தனையோ கதைகள் கேட்டேன். எழுதியதில் பாதிகூட நினைவில்லை. ஹல்துமுல்லை வழியாக நடந்து வந்தபோது அட்டை கடித்த கால்களோடு தம்பியைத் தோளில் சுமந்துவந்த ஓர் அண்ணன். மழையில் சேலை நனையாமல் இருக்க அதைச் சுருட்டி லயத்திலேயே வைத்துவிட்டுச் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போன ஒரு பெண். இவர்களை எல்லாம் யாரும் வருஷக்கணக்கில் பேசியதே இல்லை. ஒருவர் பேச ஆரம்பித்ததும் இன்னொருவருக்கு ஞாபகம் வரும். பேசிக்கொள்ளாத வீட்டுக்காரர்கள்கூட, "அந்த அண்ணன் எங்க ஆளுக்கும் தண்ணி குடுத்தவருதான்" என்று எழுந்து நின்றார்கள்.

சிரிப்பும் இருந்தது. ஒருவர் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் தாய்மாமன் எட்டாவது நிரையில் கிடப்பதாகவும் அவர் காவலுக்குக் கெட்டிக்காரர் என்றும் சொன்னார். அவர் மனைவியே குறுக்கிட்டாள்.

"ஏங்க, அது ஒங்க மாமா இல்லீங்க. மாமா வளத்த நாயி. மாமாதான் ஊருக்குத் திரும்பிப் போயிட்டாரே!"

"நாயின்னா என்ன, அதுக்கும் கத இருக்குல்ல?" என்றார் அவர். நாய்க்கும் ஒரு கம்பு கிடைத்தது.

கவ்வாத்து மாமா கடைசி ஞாயிறு வரை வாய் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் எழுந்து நின்று, தன் அம்மா இந்தத் தோட்டத்துக் கோப்பிக்காட்டில்தான் செத்தாள் என்று கேள்வி, அப்போது தனக்கு மூன்று வயதோ நாலு வயதோ, யாரோ எடுத்துப்போய் எல்லப் பக்கம் வளர்த்தார்கள் என்றார்.

"எனக்குச் சொல்லக் கத இல்ல. மூஞ்சியே ஞாபகமில்ல. யாருக்காச்சும் தெரிஞ்சா நீங்க சொல்லுங்க. எடம் தெரிஞ்சா இங்கயே இருந்துருவேன். தெரியலன்னா தைக்கு அப்புறம் வேற தோட்டம் பாத்துப் போறேன். தேடித்தான் வந்தேன்."

மருத்துவச்சி அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவர் காதுக்குப் பின்னால் விரலை வைத்து எதையோ தடவினாள். அங்கே ஒரு பழைய தழும்பு.

"கோப்பிப் பழத்தக் கூடையோட கவுத்துவிட்டுக் காதக் கிழிச்சுக்கிட்டவன்தானடா நீ?" என்றாள். "ஒங்காத்தா சிரிச்சா மூணு மலைக்குக் கேக்கும். கங்காணி வைவாரு, அதுக்கும் சிரிப்பா. கோப்பிப் பழத்தக் கடிச்சுத் தோலத் துப்பிட்டு, இனிப்பா இருக்கு தாயி, இதப் போயிக் கசக்கவச்சுக் குடிக்கறானுவளேம்பா. ஒன்ன முதுகுல கட்டிக்கிட்டுத்தான் நிர போவா."

மாமா முதலில் சிரித்தார். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு நாள் காய்ச்சல். நானும் ஒங்கப்பனுந்தான் பொதச்சோம். அவன் எங்கையப் புடிச்சுக்கிட்டு, நாலாவது நிர, ஏழாவது குழி, மறந்துறாத தாயின்னான். ஒரு மாசத்துல அவனும் போயிட்டான், எந்தப் பக்கம் போனானோ. நான் மறக்கல. எழுதிக்க பாப்பா. கானுலேருந்து நாலாவது நிர, பாறப் பக்கமிருந்து ஏழாவது குழி."

எழுதிக்கொண்டேன். அவள் சொன்னபடியே எழுதினேன். கானிலிருந்து. எந்தக் கான் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அல்லது சொல்லி நான் எழுதாமல் விட்டேனா? பெரும்பாலும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வாரமே மருத்துவச்சியின் அண்ணன் மகன் இந்தியாவிலிருந்து வந்து அவளை அழைத்துப் போய்விட்டான். திருச்சிப் பக்கம் ஏதோ ஊர். பண்டாரவளையில் ரயில் ஏற வண்டியில் போகும்போது, பெயர் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டுவிட்டுப் போனாள். அதன்பின் அவளைப்பற்றித் தகவல் இல்லை.

கம்பு நடும் நாளுக்கு முன்னால் நான் தனியாகப் போய் நிரைகளை எண்ணிப் பார்த்தேன். கீழ்க்கானிலிருந்து ஏறித்தான் எண்ணினேன். எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் நிரை பிடிப்பது அப்படித்தான். கீழே முதல் நிரை, மேலே கடைசி. வேறு மாதிரி எண்ணலாம் என்றே எனக்குத் தெரியாது. எண்ணும்போது ஒரு கட்டை தடுக்கி விழுந்தேன். கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் கிழித்துவிட்டது. வடு இன்னும் இருக்கிறது. அம்மா வைதாள்.

நடும் நாளன்று எல்லாரும் சூழ்ந்து நிற்க, மாமா தோளில் கம்போடு என்னைக் கேட்டார்.

"எந்தக் கானுலேருந்து பாப்பா?"

பதிவேட்டைப் பார்த்தேன். கான் என்று மட்டும்தான் இருந்தது. அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். "தெரியல மாமா" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான்.

"கீழ்க்கானுலேருந்து" என்றேன்.

யாரோ ஒருவர், கோப்பிக் காலத்து ஆள்தான், "கீழ்க்கானா?" என்று இழுத்தார். அப்பா உடனே என் தோளில் கை வைத்தார். "எம் பொண்ணு எழுதினா எழுதினதுதான். சந்தேகமே வேணாம்." அவருடைய கை எவ்வளவு சூடாக இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது. தன் பள்ளிக்கூடத்தை ஒரு விளையாட்டாகவே பார்த்த ஜனங்கள் முன்னால் அவருக்கு அன்று கிடைத்த பெருமை அது. அந்தக் கையை விலக்கிவிட்டு உண்மை சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அப்போது அது பொய் என்றும் தோன்றவில்லை.

மாமா தோண்டினார். ஒரு முழ ஆழத்தில் மண்வெட்டியில் ஏதோ மின்னியது. பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு.

பெண்கள் குலவையிட்டார்கள். மாமா அதை எச்சில் தொட்டுத் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வளவி போட்டிருக்கு" என்றார் என்னைப் பார்த்து, "எங்கம்மா பச்ச வளவி போட்டிருக்கு பாப்பா." அவர் குரலில் எனக்கு நன்றி சொல்வதுபோல் ஒன்று இருந்தது.

எத்தனையோ பெண்கள் வருஷக்கணக்கில் வேலை செய்த மலை. வளையல் துண்டு எங்கேதான் கிடைக்காது? உடைந்த என் வளையல் என்ன நிறம் என்று போன மாதம் அம்மாவைக் கேட்டேன். "நீ செவப்புத்தான போடுவ" என்கிறாள். பச்சை என்றுதான் எனக்கு நினைவு. எந்த நிரையில் விழுந்தேன் என்பதும் தெரியவில்லை. மேலே கிடந்த துண்டு ஒரு வாரத்தில் ஒரு முழ ஆழம் போகுமா? போகாது என்று மனம் சொல்கிறது. ஒரு முழம்தானா, ஒரு சாண்தானா என்று அடுத்த நிமிஷம் அதே மனம் கேட்கிறது.

மாமா போகவில்லை. அங்கேயே இருந்துவிட்டார். அவரைப் பார்த்து, மூட்டை கட்டிவைத்திருந்த இன்னும் இரண்டு மூன்று குடும்பங்களும் இருந்துவிட்டன. "நம்மாளு கெடக்கற எடத்த விட்டு எங்க போறது" என்று பேசும் வழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன் அந்தத் தோட்டத்தில் எல்லாரும் வழிப்போக்கர்கள் மாதிரிதான் இருந்தார்கள். முதல் வருஷம் சரளையில் மரவள்ளி விரல் பருமன்தான் விழுந்தது. முள்முருங்கைகள் தழைத்து இலை உதிர்த்தன. இலையை மண்ணில் மடக்கி வெட்டினார்கள். கல் உருட்டி வரம்பு கட்டினார்கள். மூன்றாம் வருஷம் மண்ணைக் கிளறினால் மண்புழு நெளிந்தது. நான் அருவருப்பில் கத்தினேன், மாமா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பெரியவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பூசணி, அவரை, வத்தாளைக் கிழங்கு எல்லாம் வந்தன. தை மாதத்தில் ஒரு நாள் எல்லாக் கம்புக்கும், நாயின் கம்புக்கும் கூட, பொங்கல் வைத்து அந்தந்தக் கதையை மறுபடி சொல்வது வழக்கமாயிற்று. மாமா தன் அம்மாவின் மரத்தடியில் ஒரு கல் நட்டு மஞ்சள் பூசினார். அங்கே பிள்ளைகளை வேண்டிக்கொண்டு வந்து கிடத்தினால் காய்ச்சல் இறங்குகிறது என்று யாரோ சொன்னார்கள். சிரிக்கிற அம்மா என்று அதற்குப் பெயராகிவிட்டது.

பதிவேடு இப்போது இல்லை. நான் பதுளையில் விடுதிப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா பழைய தாள் என்று நினைத்து அதைக் கிழித்து அடுப்பு மூட்டிவிட்டாள். பச்சை அட்டையை மட்டும் அரிசிப் பானைக்கு மூடியாக வைத்திருந்தாள். அம்மாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் ஒரு நாளாவது அவளுக்குப் படித்துக் காட்டினேனா?

இத்தனை வருஷம் இதையெல்லாம் மறந்தேதான் இருந்தேன். சென்ற வருஷம் ஒரு நாள், பண்டாரவளையில் எங்கள் வீட்டு வாசலில் மாமனார் பேரனை மடியில் வைத்துக்கொண்டு, சிறு வயதில் தான் கோப்பிப் பழம் பறித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேக்கானுலேருந்துதாண்டா ராசா நிர புடிப்போம். மேல ஒண்ணு, அதுக்குக் கீழ ரெண்டு. பறிக்கப் பறிக்க மூட்ட கனக்கும்ல, எறங்கிக்கிட்டேதான வரணும்?"

கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"எல்லாத் தோட்டத்துலயும் அப்படித்தானாங்க மாமா?"

"ஹல்துமுல்லப் பக்கம் அப்படித்தாம்மா. பதுளப் பக்கம் எப்படியோ, யாரு கண்டா? ஏம்மா?"

"சும்மா கேட்டேங்க."

மருத்துவச்சி கோப்பிக் காலத்து மனுஷி. கவ்வாத்து மாமாவின் அப்பாவும் அப்படியே. அவர்கள் மேலிருந்து எண்ணியிருந்தால்? இரவும் பகலும் இது ஒன்றுதான். இதற்கிடையில் போன மழைக்கு என் மகனுக்குக் காய்ச்சல் வந்து பதினோரு நாள் இறங்கவில்லை. என் கணவர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குபவர், அவர் கொடுத்த மருந்துக்கும் கேட்கவில்லை. அம்மா என்னைக் கேட்காமல் சிரிக்கிற அம்மாவுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால் முதல் முடி அங்கேதான். பிழைத்துவிட்டான். வருகிற தையில் முடி இறக்க வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே இறக்குவோம்? எனக்கு அண்ணன் தம்பி இல்லை. ஆகவே கவ்வாத்து மாமாவின் மடி.

போன மாதம் சொல்லிவிடலாம் என்றே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். இப்போது பதுளைக்கே ரயில் வந்துவிட்டதால் போவது சிரமமில்லை. மாமாவுக்குத் தலை நரைத்துவிட்டது. கோப்பிக்காட்டை அடையாளமே தெரியவில்லை. முள்முருங்கை முழுக்கச் சிவப்புப் பூ. பழைய கட்டைகள் ஒன்றும் இல்லை. அவர் பிள்ளையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"பாத்தியா தாயி, இந்த எருக்குழிதான் இந்த மலைக்கே சோறு போடுது. லயத்து மாட்டுச் சாணி, சருகு எல்லாம் இதுலதான். காலைல எங்கம்மாகிட்டச் சொல்லிட்டு வந்து நாந்தான் முதல்ல சாணி போடுவேன். தை கழிஞ்சதும் இன்னும் ரெண்டு முழம் ஆழமாக்கப் போறோம்."

அவர் தேத்தண்ணீர் கொண்டுவரப் போனபோது நான் மேல்கானில் போய் நின்றேன். கட்டைகள் இல்லாததால் அடிவைத்து அளந்தேன். நாலு நிரைக்கு இத்தனை அடி, பாறையிலிருந்து ஏழு குழிக்கு இத்தனை அடி என்று உத்தேசமாக. அந்தக் கணக்கு என்னை எருக்குழியின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியது. மறுபடி அளந்தேன். இந்தமுறை ஒரு கஜம் தள்ளி வந்தது. மூன்றாம் முறை அளக்கத் துணியவில்லை.

அவர் திரும்பி வந்ததும், "மாமா, அந்தக் கானு..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தக் கானு தாயி?"

அதே கேள்வி. அதே குரல். என் மகன் அவர் காதுக்குப் பின்னால் இருந்த தழும்பை விரலால் நோண்டிக்கொண்டிருந்தான்.

"மேக்கானு... அடைச்சிருக்கற மாதிரி இருக்கு."

"ஆமா, சருகு விழுந்து கெடக்கு. நாளைக்கே எடுத்துடறேன்" என்றார். மறுநாளே எடுத்திருப்பார். நான் சொன்னால் அவர் சந்தேகப்படுவதே இல்லை.

வரும் வழியெல்லாம் என்னை நானே கேட்டுக்கொண்டேன். என் மகன் ஒரு நாள் என்னைத் தேடி ஒரு மலைக்கு வந்தால் நான் எதை விரும்புவேன்? சரியான இடத்தைக் காட்டட்டும் என்று நினைத்தேன். ரயில் ஒரு சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வருவதற்குள், வேண்டாம், அவன் எங்காவது ஓர் இடத்தில் நிம்மதியாக உட்காரட்டும் என்று நினைத்தேன். அடுத்த சுரங்கத்தில் மறுபடி மாறிவிட்டது. கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நேராக மாமாவிடம் போய்ச் சொல்லிவிடுவார், அவருக்கு மறைக்கத் தெரியாது. அம்மாவிடம் சொன்னால் நேர்த்தி பங்கப்படும் என்று பயந்து பிள்ளைக்குத் திருநீறு போட்டே தேய்த்துவிடுவாள்.

நான் எண்ணியது சரியாகவும் இருக்கலாம். சரியாக இருக்கும் ஒன்றைச் சந்தேகத்தால் கெடுத்துவிட்டால் அந்தக் கல்லையும் மரத்தையும் அவர் இனி எப்படிப் பார்ப்பார்? தப்பாக இருந்து நான் வாய் மூடியிருந்தால், தை கழிந்து ஒரு காலையில் இரண்டு முழம் கீழே அவருடைய மண்வெட்டியிலேயே எது வந்து தட்டும்? அந்த நேரத்தில் அவர் யாரை நினைப்பார்?

ஆகவே சகோதரிகளே, உங்களில் அனுபவமுள்ளவர்கள் எனக்கு எழுதுங்கள். முடி இறக்குவதற்கு முன் சொல்லட்டுமா, பின் சொல்லட்டுமா, சொல்லாமலே விடட்டுமா? பதுளைப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், நிரையை எங்கிருந்து எண்ணினார்கள் என்று தயவுசெய்து கேட்டு எழுதுங்கள். இரண்டும் முடியாது என்றால் இதையாவது செய்யுங்கள். ஒரு தோட்டத்தில் எருக்குழியை ஆழமாக்காமல் மூடிவிட்டு வேறிடத்தில் வெட்டச் சொல்வதற்கு, கேட்பவருக்குச் சந்தேகம் வராதபடி ஏதாவது ஒரு காரணம் உங்களுக்குத் தோன்றுகிறதா? நான் சொன்னால் அவர் மறுபேச்சில்லாமல் நம்பிவிடுவார். அதனால்தான் நானாக ஒன்றைச் சொல்லப் பயமாக இருக்கிறது. தை பிறப்பதற்குள் எழுதுங்கள்.